என் அண்ணனின் தோலில் வளர்ந்தது

விழுப்புரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சீழ், சளி, சிறுநீர், ரத்தம் என்று வருவதை வட்டமான பிளேட்டில் தடவி இன்குபேட்டரில் வைப்பேன். மறுநாள் எடுத்து, என்ன கிருமி வளர்ந்திருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று எழுதிக் கொடுப்பேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் அண்ணன் விஷயத்தில் எனக்குத் தெரியாமல் போனது பாதி, தெரிந்தும் செய்யாமல் விட்டது பாதி.

அண்ணன், தங்கையான என்னைவிட மூன்று வயது மூத்தவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாளைக்கு ஐந்து நடை. காலை இரண்டாவது நடைக்கு விழுப்புரம் வரும்போது பஸ் நிலைய டீக்கடையில் பத்து நிமிஷம் கிடைக்கும். நானும் கூடத்திலிருந்து இறங்கிப் போவேன். எங்களுக்கு அப்பா அம்மா போய் வெகு காலம் ஆகியிருந்தது. அந்தப் பத்து நிமிஷம்தான் எங்கள் பிறந்த வீடு.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தக் கடையில் நின்றபடி சட்டையை லேசாகத் தூக்கி இடுப்பைக் காட்டினார். உள்ளங்கை அளவுக்குச் சிவப்பாக ஒரு படை. தோல் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து, பீடி சுற்றும் இலை காய்ந்தது போலச் சுருங்கியிருந்தது.

"என்னா இது, பாரேன். ரெண்டு மாசமா இருக்குது. அரிக்குது."

"படர்தாமரைதாண்ணா. பெல்ட்டு கட்ற எடம். வேர்வை நிக்குது," என்றேன்.

மெடிக்கலில் நானே ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தேன். அந்தப் படையைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தால் அதில் பூஞ்சை இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். யார் யாருக்கோ தினமும் செய்கிற வேலை. மாடி ஏறி இறங்கினால் போதும். அவருக்கு பஸ் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. எனக்கும் மேலே வேலை கிடந்தது.

களிம்புக்குப் படை மங்கியது. நிறுத்தியதும் திரும்பி வந்தது. அடுத்த வருடம் தொடையிலும் முதுகிலும் புதிதாக வந்தன. தோல் டாக்டர் எக்ஸிமா என்றார். ஒரு துண்டு வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பினோம். நாள்பட்ட அழற்சி என்று முடிவு வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நோய் எக்ஸிமா வேஷத்தில் வருடக்கணக்காக ஒளிந்திருக்கும் என்று பிறகு படித்தேன். அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை.

அரிப்பு தாங்காமல் போனபோது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். எக்ஸிமாவுக்குக் கொடுக்கிற மருந்துதான் அது. முதல் மாதம் அண்ணன் முகம் தெளிந்தது. "இப்பதான் மனுஷனாட்டம் இருக்கேன்," என்று டீக்கடையில் சொன்னார். மூன்றாம் மாதம் உடம்பு முழுக்கச் சிவந்தது. படைகள் தடித்து மேடு கட்டின. உள்ளங்கை வெடித்தது. இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு, இருக்கிற நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தோம்.

கண்டக்டருக்குக் கைதான் எல்லாம். ஒரு நாள் நானும் அதே பஸ்ஸில் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண், அண்ணன் டிக்கெட்டைக் கிழித்து நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மடியில் குழந்தை இருந்தது.

"அப்டியே சீட்டு மேல வெச்சிடுங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

அண்ணன் டிக்கெட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, மீதிச் சில்லறையையும் அங்கேயே வைத்துவிட்டு முன்னால் போனார். நான் இருந்த வரிசையைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை. அதன்பின் கொஞ்ச நாள் கையுறை போட்டுக்கொண்டு போனார். கையுறையைப் பார்த்து இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். பஸ் முதலாளி நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, "உடம்ப பாத்துக்கினு வாங்க, அப்புறம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அப்புறம் வரவேயில்லை.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அண்ணியும் வந்தார். அண்ணி திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். அதிகம் பேசமாட்டார். அங்கே இருந்த தோல் டாக்டர் ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். அண்ணனை முழுசாகப் பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் சதை எடுத்தார். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இது தோல்ல வர்ற ஒரு வகை லிம்போமா. வெள்ளணுவோட புற்றுநோய். ரத்தத்துல இல்லாம தோல்ல வந்து தங்கியிருக்கு."

அதற்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. அந்தப் பெயரிலேயே பூஞ்சை என்ற சொல் இருந்தது. கட்டி காளான் மாதிரி எழும்பும் என்பதால் அந்தக் காலத்தில் வைத்த பெயராம். நோய்க்கும் பூஞ்சைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி, பிழைப்பேனா என்பது இல்லை.

"தொட்டா ஒட்டுமா டாக்டரம்மா?"

"ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது."

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

டாக்டர் ஆஸ்பத்திரித் தாளில் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அண்ணன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாரத்துக்கு மூன்று நாள் புதுச்சேரி போய், விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் நின்று ஒளிச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு வருடம் நோய் அதற்கு அடங்கியிருந்தது. அந்த வருடத்தில்தான் எங்கள் பெரியப்பா வீட்டுப் பேத்திக்குத் திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம். அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டார்கள். அண்ணனை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு பேப்பர் தட்டைக் கொடுத்தார்கள். அவர் தாளை எடுத்துப் பெரியப்பா மகனிடம் நீட்டினார். அவன் நின்று முழுக்கப் படித்தான். படித்துவிட்டுப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நமக்குத் தெரியுதுண்ணா. வந்த ஜனங்களுக்குப் புரியாதுல்ல," என்றான்.

அண்ணன் பேப்பர் தட்டிலேயே சாப்பிட்டார். பாயசம் வேண்டாம் என்றார். அண்ணி எதிர்ப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டே, அந்தத் தட்டிலிருந்தே இரண்டு வாய் எடுத்துச் சாப்பிட்டார். பிறகு மூவரும் பஸ் ஏறிவிட்டோம்.

அடுத்த கோடையில் தோளிலும் கழுத்திலும் கட்டிகள் எழும்பி உடைந்தன. தினமும் காலையில் அண்ணி படுக்கையை உதறினால் செதில் செதிலாகத் தோல் உதிரும். அண்ணன் அரிப்புக்குச் சீப்பை வைத்துக்கொண்டு சொறிவார். ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்துவார். "சொறியாதண்ணா," என்று ஒரு முறை சொன்னேன். "நீ ஒரு நாள் இத வெச்சிக்கினு இருந்து பாரு, அப்புறம் சொல்லு," என்றார். அதன்பின் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்டிவனம் போய் அவருடைய புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வருவேன்.

ஒரு தடவை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணில் கிருமி ஏறிவிட்டது என்று பத்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது. அதோடு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புற்றுநோய்க்கென்று புதிதாக எதுவும் கொடுக்காமலே தோல் வெளுத்து அடங்கியது. மேடுகள் தணிந்தன. அண்ணன் சீப்பைத் தேடவில்லை.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன்.

"மேடம், கிருமிக்குத்தான மருந்து குடுத்தீங்க. இது எப்டி அடங்குச்சு?"

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். தோலில் காவல் நிற்கும் டி செல் என்ற வெள்ளணுக்கள் ரசாயனச் செய்திகளால்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒரு வகை புற்றாகிவிட்டால், அது அனுப்பும் செய்திகள் தோலையே மாற்றிவிடும். கிருமியைக் கொல்லத் தோல் தானாகச் சுரக்கும் பொருள் குறையும். அரிப்பைத் தூண்டும் செய்தி கூடும். சொறியச் சொறியத் தோல் கிழியும். கிழிந்த இடத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி வந்து குடியேறும். அது விடும் நச்சு, எது எதிரி என்று பார்க்கவே விடாமல் ஏகப்பட்ட டி செல்களை ஒரே நேரத்தில் உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட நல்ல அணுக்கள் கொட்டும் செய்திகளைப் புற்று அணுக்கள் உண்டு பெருகும். பெருகினால் தோல் இன்னும் பலவீனமாகும், கிருமி இன்னும் கூடும்.

"அப்டின்னா இந்த நோயவே கிருமிதான் கொண்டாந்துச்சா மேடம்?"

"அது யாருக்கும் உறுதியா தெரியாதும்மா. ஆரம்பிச்சு வெச்சதா இல்லியான்னு சொல்ல முடியல. தீனி போடுதுன்னு மட்டும் சொல்லலாம். உங்கண்ணன் உடம்பே அதக் காட்டிடுச்சு."

"மருந்த தொடர்ந்து குடுத்துக்கினே இருந்தா?"

"அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காததுதான் மிஞ்சும். உங்களுக்குத் தெரியாததா."

தெரியும். தினமும் பிளேட்டில் பார்ப்பதுதான்.

கிருமி திரும்ப வராமல் இருக்க, வீட்டில் அவரோடு பழகுகிறவர்களின் மூக்கிலும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அந்தக் கிருமி பலரின் மூக்கில் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கும். அண்ணன் புண்ணிலிருந்தும், அண்ணி மூக்கிலிருந்தும், என் மூக்கிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்து என் கூடத்திலேயே போட்டேன். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தேன். அண்ணன் பிளேட்டில் கிருமி பொன்னிறத்தில் பொட்டுப் பொட்டாக நிறைந்திருந்தது. அண்ணி பிளேட்டில் அது இல்லை. என் பிளேட்டில் இருந்தது.

எந்தெந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று இரண்டுக்கும் பார்த்தேன். ஒவ்வொரு மருந்து வில்லையைச் சுற்றியும் கிருமி வளராமல் விழுந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு பிளேட்டும் ஒன்று போலவே இருந்தன. ஞாயிறுதோறும் அவர் புண்ணின் மேல் குனிந்து மூச்சு விட்டது நான்தான். ஒவ்வொரு முறையும் கை கழுவினேன், கையுறை போட்டேன். முகக்கவசம் சில நாள் போட்டேன், புழுக்கமாக இருந்த நாட்களில் கழற்றிவிட்டேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் திண்டிவனம் போகாமல் வீட்டில் வேலை என்று பொய் சொன்னேன். நான்காம் நாள் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"உங்ககிட்டருந்து அவருக்குப் போச்சா, அவர்கிட்டருந்து உங்களுக்கு வந்துச்சான்னு இத வெச்சுச் சொல்ல முடியாது," என்றார். "ஒரே மாதிரி இருக்குன்னுதான் சொல்லலாம். மூக்குக்கு மருந்து எழுதித் தர்றேன். ரெண்டு பேரும் போடுங்க."

அடுத்த ஞாயிறு அண்ணனிடமே சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி துணி வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"அதுக்குத்தான் போன வாரம் வரலியா?"

"ஆமாண்ணா."

"நான் என்னவோ உனக்கும் அருவருப்பு வந்துடுச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"நீ குடுத்தியோ நான் குடுத்தேனோ, யாரு கண்டா. சின்ன வயசுல ஒரே தட்டுல தின்னவங்கதான நாம. கட்ட போடு. ஈ மொய்க்குது."

போட்டேன். அவர் மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னிப்பது பற்றி அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. அன்றைக்குப் புண் வலித்தது, அவ்வளவுதான்.

எனக்கும் அண்ணனுக்கும் மூக்கில் களிம்பு, அவருக்கு டாக்டர் சொன்ன அளவில் ப்ளீச் கலந்த தண்ணீரில் வாரம் இரண்டு முறை குளியல், தினமும் துணி வேக வைப்பது என்று மூன்று பேரும் முறை தவறாமல் செய்தோம். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அண்ணன் கழுத்து வரை உட்கார்ந்து, "நீச்சக் குளத்துல எறங்கின மாதிரி வாசன அடிக்குது," என்பார். மூன்று மாதம் நன்றாக இருந்தது. விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்து தங்கினார். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்துக் கொடுத்ததும், ஒரு கிண்ணம் தனியாகவே காலி செய்தார். திண்டிவனத்தில் மாலை வேளையில் பஸ் நிலையத்துக்குப் போய், தன் வண்டி வந்து போவதைத் தூர நின்று பார்த்துவிட்டு வருவார் என்று அண்ணி சொன்னார்.

பிறகு கிருமி திரும்பியது. முன்பு அடங்கிய மருந்துகளில் இரண்டுக்கு அடங்கவில்லை. அந்த முடிவையும் நான்தான் எழுதினேன். முகத்தில் கட்டிகள் வந்தன. கீழ் இமை வெளியே மடங்கி, கண்ணை முழுசாக மூட முடியாமல் போயிற்று. ரேடியேஷன் கொடுத்தார்கள். ஊசி மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து புற்று அணுவோடு நல்ல அணுவையும் தின்றது. காவலுக்கு இருந்த கொஞ்சமும் போனது. டாக்டர் என்னிடம் மட்டும், இனி புற்றைவிடக் காய்ச்சலுக்குத்தான் பயப்பட வேண்டும் என்றார்.

போன வருடம் ஐப்பசியில் அவர் என் வீட்டில் இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடனே மருந்து ஏற்றி, ரத்தம் எடுத்து, கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். அந்த பாட்டில் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. மறுநாள் காலை பாட்டில் கலங்கியிருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக அதே ஸ்டெஃபைலோகாக்கஸ் தெரிந்தது. என் வாழ்நாளில் ஆயிரம் முறை பார்த்த காட்சி. போனில் ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். நோயாளியின் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். உங்களுக்கு வேண்டியவரா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மதியமே ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். நான் அவர் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. கை சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு அரிக்கவே இல்ல," என்றார்.

ஏழு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. அண்ணி அதைக் கேட்டுச் சிரித்தார். "பாரு, மருந்து கேக்குது," என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்றேன். உடம்பு தன் வேலையை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனார்.

திண்டிவனத்தில் வீட்டுக்குக் கொண்டு வந்தபோது உறவுக்காரர்கள் வாசலோடு நின்றார்கள். குளிப்பாட்டுவதற்கு யாரும் முன்னால் வரவில்லை. எங்கள் பக்கம் ஆண்கள்தான் செய்வது வழக்கம். அண்ணி யாரையும் கூப்பிடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியில் தண்ணீர் மொண்டார். நான் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் தேய்த்தபோது தோல் கையோடு வந்தது. அதனால் மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றினோம்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, மீதி இருந்த காகிதங்களை வாங்க அண்ணியோடு புதுச்சேரி போனேன். டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அண்ணனிடமிருந்து எடுத்த தோல் துண்டுகளை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கிருமி அந்த அணுக்களை எப்படித் தூண்டுகிறது, அந்தச் செய்தியை நடுவில் அறுக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்றார். அண்ணி கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து மர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி கேட்டார்.

"அவரு தோலு இன்னும் அங்க இருக்குதா?"

"இருக்குது அண்ணி. மெழுகுல பதிச்சி வெச்சிருப்பாங்க. நகக்கண்ணு அளவுதான் இருக்கும்."

"கெட்டுப் போவாதா?"

"போவாது. வருஷக்கணக்கா இருக்கும்."

அண்ணி ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார். எந்த மாடி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, மூன்றாவது மாடி என்று சொன்னேன்.